ஓடுகிற சுவிட்சில் எப்போது கை வைப்பது?



உழைத்தவரின் கூலியைத் தாமதிக்கக் கூடாது என்பதை ஜும்ஆ பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். பணம் கைவசம் இருந்து, கொடுக்கும் மனமும் இருந்து, கணக்கு அறையின் மூலையில் மாட்டியிருக்கும் ஒரு சிறு பெட்டியால் கூலி தாமதமாவதை நான் நேரில் கண்டிருக்கிறேன். அந்தப் பெட்டியின் மென்பொருளை எப்போது மாற்றுவது என்று ஐந்து மாதம் யோசித்து முடிவெடுத்த கதையே இது. கணினித் துறையில் இல்லாதவர்களும் படிக்கலாம். கடினமான பகுதியைச் சுருக்கியே சொல்கிறேன்.

எனக்கு ஊர் விருதுநகர். வேலை சிவகாசியில். ஒரு பட்டாசு நிறுவனத்தின் நகர அலுவலகத்தில் கணினிகளையும் அவற்றை இணைக்கும் கருவிகளையும் பார்த்துக்கொள்கிறேன். ஆலை வெம்பக்கோட்டைப் பக்கம் இருக்கிறது. அங்கே கணினிக்கு இடமில்லை, செல்போனையே வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். விற்பனை, பில், கூலிக் கணக்கு யாவும் நகர அலுவலகத்தில் நடக்கின்றன. கணினிகளிலிருந்து வரும் கேபிள்கள் எல்லாம் கூடுகிற பெட்டிக்குத்தான் சுவிட்ச் என்று பெயர். எங்களிடம் ஒரே மாடலில் நான்கு சுவிட்சுகள் இருந்தன: கணக்குப் பிரிவில் ஒன்று, குடோன் பில் போடும் இடத்தில் ஒன்று, மாடியில் ஒன்று, கண்காணிப்புக் கேமராக்களுக்கு ஒன்று. தயாரித்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். சுவிட்சுக்குள்ளும் ஒரு சிறு மென்பொருள் உண்டு. அதைத்தான் ஃபர்ம்வேர் என்கிறார்கள்.

2024 பிப்ரவரி 24, சனிக்கிழமை. எங்கள் பகுதியில் சனிக்கிழமைதான் கூலி நாள். போர்மேன்கள் வாரத்தின் உருப்படிக் கணக்கு நோட்டுகளை மதியம் கொண்டுவருவார்கள். கணக்குப் பிரிவில் அதைக் கணினியில் ஏற்றி, ஆளுக்கு எவ்வளவு என்று பட்டியல் எடுத்து, பணத்தைக் கவரில் போட்டு, நான்கு மணிக்குள் வேனில் ஆலைக்கு அனுப்பிவிடுவார்கள். அன்று இரண்டு மணி வாக்கில் கணக்குப் பிரிவின் சுவிட்ச் உறைந்து நின்றது. விளக்குகள் எரிந்தன, எந்தக் கணினியும் சர்வரை எட்டவில்லை. நான் விருதுநகரில் விடுப்பில் இருந்தேன். தொலைபேசியில் சொல்லி, மின்சாரத்தை அணைத்துப் போட்டதும் சுவிட்ச் உயிர்பெற்றது. ஆனால் பாதி ஏறியிருந்த கூலிப் பதிவுகள் குழம்பிப்போயின. கணக்குப் பிரிவு அக்கா நோட்டைப் பிரித்து வைத்து முதலிலிருந்து ஏற்றினார். வேன் கிளம்பியபோது மணி ஆறரை. ஆலையிலிருந்து கிராமங்களுக்குப் போகும் கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட பெண்கள் பத்துப் பேருக்கு மேல் இருந்தார்கள் என்று திங்கட்கிழமை தெரிந்தது. அண்ணாச்சி, அதாவது எங்கள் முதலாளி, அவர்களை லோடு வண்டி அமர்த்தி வீட்டுக்கு அனுப்பியிருந்தார். பொதுவாக மெதுவாகப் பேசுகிறவர், அன்று என்னிடம் குரலை உயர்த்தாமலே கேட்டார்: "பாய், இனி ஒரு சனிக்கிழமை இப்படி ஆகலாமா?"

இத்தகைய நேரத்தில் நம் துறையில் இரண்டு வகையான அவசரக்காரர்களைக் காணலாம். எந்தக் கோளாறு வந்தாலும் "புது ஃபர்ம்வேர் போடு" என்பார் ஒருவர். "ஓடுகிறதைத் தொடாதே" என்பார் மற்றவர். ரியாத்தில் இதே வேலை செய்யும் என் மச்சான் முதல் வகை. அண்ணாச்சி இரண்டாம் வகை. இருவருக்கும் இடையில் நின்று, நோய் எது என்று முதலில் பார்க்க வேண்டியது என் வேலையாக இருந்தது.

கணக்குப் பிரிவோடு குடோன் சுவிட்சும் அவ்வப்போது நின்றுகொண்டிருந்தது. அதுவும் சின்ன விஷயமில்லை. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கு போக 2018 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் கட்டாயம். பில் எண் சர்வரிலிருந்து வராமல் அதை எடுக்க முடியாது. ஜவுளி ஏற்றிய லாரி அரைமணி நேரம் நின்றால் டிரைவர் டீ குடிப்பார். பட்டாசு ஏற்றிய லாரி காரணமில்லாமல் வெயிலில் நிற்பதை எங்கள் ஊரில் யாரும் விரும்பமாட்டார்கள்.

இரண்டும் ஒரே மாடல், ஒரே ஃபர்ம்வேர், ஒரே மாதிரிக் கோளாறு. ஆகவே காரணமும் ஒன்றுதான் என்று எண்ணத் தோன்றும். ஒரு நோட்டு போட்டு, ஒவ்வொரு முறையும் நின்ற நாள், நேரம், அப்போது மின்சாரம் எப்படி இருந்தது, அறையில் எத்தனை பேர் என்று எழுதிவந்தேன். ஒரு மாதத்தில் வித்தியாசம் வெளிச்சமாகிவிட்டது. குடோன் சுவிட்ச் நின்ற வேளைகள் எல்லாம் மின்தடை வந்து ஜெனரேட்டருக்கு மாறிய வேளைகள். அது யூபிஎஸ் இல்லாமல் நேரே சுவர் பிளக்கில் இருந்தது. போதாததற்கு ஜெனரேட்டர் மாற்றுப் பெட்டியை ஒட்டியே ஆணியில் தொங்கியது. ஒரு சிறு யூபிஎஸ் வாங்கி, சுவிட்சை எதிர்ச்சுவருக்கு மாற்றினேன். அதன்பின் அது ஒருமுறைகூட நிற்கவில்லை. அங்கே ஃபர்ம்வேரை மாற்றியிருந்தால், மாற்றிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்ப் பெட்டி செத்திருக்கவும் கூடும்.

மென்பொருளால் தீராத நோய்கள் உண்டு என்பதற்கு உலகமறிந்த சான்று ஒன்றைச் சொல்லலாம். 2017 பிப்ரவரியில் சிஸ்கோ நிறுவனம், தன் ரூட்டர்கள், சுவிட்சுகள் சிலவற்றில் கடிகாரத் துடிப்பைத் தரும் ஒரு பாகம் 18 மாதப் பயன்பாட்டுக்குப் பின் செயலிழக்கக்கூடும் என்று தானே அறிவித்தது. அந்தப் பாகம் போனால் கருவி எழாது. பெட்டியையே மாற்றித்தர வேண்டியிருந்தது. எந்த ஃபர்ம்வேரும் அதற்கு மருந்தாகாது.

கணக்குப் பிரிவின் கதை வேறு. அது மின்தடையைப் பொருட்படுத்தவில்லை. நல்ல யூபிஎஸ்ஸில்தான் இருந்தது. முதலில் 12 நாளுக்கு ஒருமுறை நின்றது, பிறகு 9 நாளுக்கு ஒருமுறை. தயாரிப்பாளர் ஒவ்வொரு ஃபர்ம்வேர் பதிப்போடும் வெளியிடும் குறிப்புகளை, எங்களிடம் இருந்த பதிப்பிலிருந்து அண்மையது வரை வரிசையாகப் படித்தேன். நோன்பு மாதத்தில், தராவீஹ் முடிந்து வந்து படித்தேன், அலுப்பூட்டும் படிப்புதான். மூன்றாவது குறிப்பில் ஒரு வரி இருந்தது: புதிதாகச் சேரும் கருவிகளைப் பதிவுசெய்ய எடுக்கும் நினைவகத்தைச் சுவிட்ச் திருப்பிக் கொடுப்பதில்லை, நாளடைவில் உறைந்துவிடும், இப்பதிப்பில் சரிசெய்யப்பட்டது என்று. எங்கள் வைஃபை பெட்டி கணக்குப் பிரிவின் சுவிட்சில்தான் மாட்டப்பட்டிருந்தது. வருகிறவர், போகிறவர் செல்போனெல்லாம் அதன் வழியே சேர்ந்து சேர்ந்து விலகும். வைஃபையை வேறு சுவிட்சுக்கு மாற்றலாமே என்று நீங்கள் கேட்கலாம். நான்கும் ஒரே மாடல். நோய் இடம் மாறுமே தவிரப் போகாது.

ஞாயிறுதோறும் சுவிட்சைத் தானாக அணைந்து எழும்படி அமைத்தேன். கசிந்த நினைவகம் வாரம் ஒருமுறை மீளும். அத்தோடு நிறுத்திக்கொள்கிற அலுவலகங்கள் ஏராளம். பல இடங்களில் அது போதும் என்பேன். எங்களுக்கும் ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஒரு சனிக்கிழமைகூடப் பிசகவில்லை. ஆனால் சுவிட்சிலேயே மீதமுள்ள நினைவகத்தைக் காட்டும் ஓர் எண் உண்டு. அதைத் தினமும் நோட்டில் எழுதினேன். திங்கள் காலை நூற்றுக்கு 62, சனி மாலை 30. இது ஆள் வராத மாதங்களின் கணக்கு. ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் பூஜை போட்டுப் பட்டாசு விற்பனையைத் தொடங்குவார்கள். காலண்டர்காரர்கள் புது ஆல்பத்தை வெளியிடுவதும் அன்றுதான். அதிலிருந்து தீபாவளி வரை வடமாநில ஏஜென்ட்களும் உள்ளூர் வியாபாரிகளுமாக அலுவலகம் நிறைந்துவிடும். செல்போன்கள் இரண்டு மடங்கானால் வாரத்தில் 64 புள்ளி கசிய வேண்டும், கையிருப்பே 62தான். சனிக்கிழமை மாலைக்கு முன்பே தீர்ந்துவிடும். அதாவது சரியாகக் கூலி நேரத்தில்.

ஆகவே கேள்வி மாறியது. மாற்றுவதா வேண்டாமா என்பது முடிந்துபோனது. ஆடி 18-க்கு முன்பா, தீபாவளிக்குப் பின்பா என்பதே மீதி. பின்பு என்றால் அந்த மூன்று மாதமும் சூதாட்டம். முன்பு என்றால், புதிய ஃபர்ம்வேரில் வேறு பிழை இருந்தால் அதைக் கண்டுபிடிக்கப் போதிய நாள் வேண்டும். ஒன்பது நாளுக்கு ஒருமுறை நிற்கும் பெட்டி மூன்று நாள் நிற்காமல் ஓடியதால் குணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அதன் மூன்று, நான்கு மடங்கு நாளாவது பார்க்க வேண்டும். பின்னிருந்து எண்ணினால் ஜூன் கடைசிக்குள் தொடங்கியாக வேண்டும்.

அண்ணாச்சியிடம் மாதிரிச் சுவிட்ச் ஒன்று கூடுதலாக வாங்கித்தரக் கேட்டேன். "ஓடிக்கிட்டு இருக்கிறப்ப அஞ்சாவது எதுக்கு பாய்?" என்றார். ஆலையில் நடப்பதையே அவருக்கு எடுத்துச் சொன்னேன். மருந்து கலக்கும் அறையில் அன்றைக்குத் தேவையான அளவைத்தான் கலப்பார்கள். மொத்த மருந்தையும் ஒரே அறையில் குவிப்பதில்லை. அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட்டிருப்பார்கள். ஓர் அறையில் தவறு நேர்ந்தால் அடுத்த அறை நிற்க வேண்டும் என்பதற்காகத்தானே? நான்கு சுவிட்சையும் ஒரே நாளில் மாற்றுவது மொத்த மருந்தையும் ஓர் அறையில் வைப்பது போல என்றேன். மறுநாள் பணம் வந்துவிட்டது.

பக்ரீத் ஜூன் 17. அடுத்த ஞாயிறு, ஜூன் 23 அன்று புதுச் சுவிட்சில் ஃபர்ம்வேரை ஏற்றினேன். கிடைத்ததில் ஆகப் புதிய பதிப்பை எடுக்கவில்லை; அது வெளிவந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பிழை திருத்தப்பட்டு, ஓராண்டாகப் பலரும் ஓட்டிவரும் முந்தைய பதிப்பே போதும். கோப்பை இறக்கியபின் அதன் சரிபார்ப்பு எண் தயாரிப்பாளர் தளத்தில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பார்த்தேன். மச்சான் தொலைபேசியில் வற்புறுத்திய ஒரு விஷயத்தில் அவர் சொன்னதே சரி: கன்சோல் கேபிளைக் கையோடு வைத்துக்கொள். சுவிட்ச் பாதியில் மயங்கினால் வலைவழியே அதை எழுப்ப முடியாது. நேரடிக் கேபிள்தான் துணை. பிறகு அந்தச் சுவிட்சைக் கேமராக்களுக்கு வைத்து, காத்திருப்போர் அறைக்கு ஒரு பழைய வைஃபை பெட்டியையும் அதில் மாட்டினேன். செல்போன்கள் சேராவிட்டால் சோதனைக்குப் பொருளில்லை.

மூன்று வாரம் நோட்டில் எண்கள் அசையவில்லை. 61, 60, 61. கணக்குப் பிரிவின் எண் மட்டும் வழக்கம்போல இறங்கி, ஞாயிறு ஏறியது.

அப்போது ஜூலை 19 வந்தது. வெள்ளிக்கிழமை காலை இந்திய நேரம் 9.39 வாக்கில் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான கோப்பு, உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் விழுந்த கணினிகளில் பெரும்பாலானவற்றை ஆள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டியிருந்தது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் படத்தைச் செல்போனில் காட்டி அண்ணாச்சி சொன்னார்: "பாத்தீங்களா பாய்? ஆடிப்பதினெட்டுக்குப் பதினஞ்சு நாள்தான். எதையும் நோண்ட வேண்டாம்."

அவர் அச்சத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. ஆனால் அந்த நிகழ்ச்சியில் எனக்குத் தெரிந்த பாடம் வேறு. கோப்பு எல்லாக் கணினிக்கும் ஒரே நேரத்தில் போனது. சிலவற்றில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அனுப்பியிருந்தால் சேதம் அந்தச் சிலவற்றோடு நின்றிருக்கும். நாங்கள் நான்கு வாரமாகச் செய்துகொண்டிருந்தது அதைத்தானே?

தொடாமல் விடுவதற்கும் விலை உண்டு என்பதற்கு 2018-ல் நடந்ததை அவருக்குச் சொன்னேன். அவ்வாண்டு மார்ச் 28 அன்று சிஸ்கோ தன் சுவிட்சுகளில் ஸ்மார்ட் இன்ஸ்டால் என்ற வசதியில் கடும் பாதுகாப்பு ஓட்டை இருப்பதை அறிவித்துத் திருத்தத்தையும் வெளியிட்டது. தேவையில்லாதவர்கள் ஒரே கட்டளையில் அந்த வசதியை அணைத்துவிடவும் முடியும். ஈரானில் அப்போது நவ்ரூஸ் புத்தாண்டு விடுமுறை; பல நிறுவனங்களில் திருத்தத்தைப் போட ஆளில்லை. ஏப்ரல் 6 இரவு அந்த வசதியின் வழியே புகுந்தவர்கள் சுவிட்சுகளின் அமைப்பை அழித்து, அமெரிக்கக் கொடியின் உருவத்தை அதில் விட்டுச்சென்றார்கள். உலக அளவில் சுமார் 2 லட்சம், ஈரானில் 3,500 என்று அந்நாட்டு அமைச்சகம் கணக்குச் சொன்னது. இப்படிப்பட்ட ஓட்டைக்கு ஆடியும் இல்லை, தீபாவளியும் இல்லை; அன்றே செய்தாக வேண்டும். எங்களுடையது அந்த வகை அன்று, அதனால்தான் நாள் பார்க்கவே முடிந்தது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, அவிழ்த்துவிட்டு வைப்பதா என்று நபி (ஸல்) அவர்களிடம் ஒருவர் கேட்ட செய்தி திர்மிதியில் உள்ளதை யாவரும் அறிவோம். எங்கள் அலுவலகத்தில் எது கட்டுவது, எது அவிழ்ப்பது என்பதே தெளிவாக இல்லாமல் போயிற்று. பழையதை அப்படியே விடுவது கட்டிவைத்தது போலத் தோன்றும். நோட்டிலிருந்த எண்கள் கயிறு இற்றுக்கொண்டிருப்பதைக் காட்டின.

கடைசியில் அண்ணாச்சியிடம் நான் வைத்த யோசனை இது. கணக்குப் பிரிவின் சுவிட்சில் எதையும் ஏற்ற வேண்டாம். ஐந்து வாரம் ஓடிச் சோதிக்கப்பட்ட சுவிட்சை அதன் இடத்தில் வைப்போம். பழையதைப் பழைய ஃபர்ம்வேரோடு அப்படியே அலமாரியில் வைத்திருப்போம். பிசகினால் கேபிள்களைப் பழையதற்கு மாற்றப் பத்து நிமிடம். மற்ற மூன்றைத் தீபாவளி வரை தொடுவதில்லை. நான்கும் ஒரே பதிப்பில் இருக்க வேண்டும் என்று மச்சான் வாதாடினார். பெரிய நிறுவனத்துக்கு அது சரி; நான்கு பெட்டிக்கும் ஒரு நோட்டுக்கும் அது தேவையில்லை என்று நினைக்கிறேன்.

"பத்து நிமிஷத்துல பழைய மாதிரி ஆக்கிருவீங்கள்ல?" என்று அண்ணாச்சி இரண்டு முறை கேட்டார். இரண்டாம் முறை அவர் கண்முன்னே அலமாரியில் இருந்த உபரிக் கேபிள்களில் எண் ஒட்டிக் காட்டினேன்.

எப்போது என்பதிலும் ஒரு பேச்சு நடந்தது. வெள்ளிக்கிழமை மதியம் கணினிகள் சும்மாதானே இருக்கும், நீங்கள் தொழுதுவிட்டு வருவதற்குள் ஓடட்டுமே என்றார் மேலாளர். மறுத்துவிட்டேன். பாதியில் நிற்கும் வேலையை நினைத்துக்கொண்டு குத்பா கேட்பது குத்பாவுக்கும் நல்லதில்லை, சுவிட்சுக்கும் நல்லதில்லை. மேலும் மறுநாளே கூலி நாள்; தவறு வெளிப்பட ஒரு நாள்கூட இடைவெளி இராது. ஞாயிறு என்றால் ஆறு நாள் கிடைக்கும்.

ஜூலை 28, ஞாயிறு. சுப்ஹு தொழுதுவிட்டு முதல் பேருந்தில் சிவகாசி. காவலாளி கதவைத் திறந்தபோது ஆறு மணி. கணக்குப் பிரிவுச் சுவிட்சின் அமைப்பை இரண்டு இடத்தில் சேமித்து, அதைச் சோதனைச் சுவிட்சில் ஏற்றி, 22 கேபிள்களையும் எண் பார்த்து மாற்றினேன். கேமராக்களுக்கு அதன் பழைய சுவிட்சே திரும்பிப் போனது. ஒன்றே கால் மணி நேரம் பிடித்தது. அதில் பெரும்பகுதி பழைய கேபிள்களின் தூசியைத் துடைத்ததற்குத்தான். கணக்குப் பிரிவு அக்கா, விடுமுறை என்றும் பாராமல், ஒன்பது மணிக்கு வந்து சென்ற வாரக் கூலிப் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தார். "வருது தம்பி" என்று ஒற்றைச் சொல்லோடு போய்விட்டார்.

அந்த ஆண்டு ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 3, சனிக்கிழமையே வந்தது. காலையில் பூஜை, கூட்டம், மதியம் போர்மேன்களின் நோட்டுகள். வேன் மூன்று ஐம்பதுக்குக் கிளம்பியது. அன்று மாலை எண் 58.

தீபாவளி அக்டோபர் 31. ஆலை விடுமுறை முடியுமுன், நவம்பர் 17 ஞாயிறு, மற்ற சுவிட்சுகளிலும் ஒன்றன்பின் ஒன்றாக ஃபர்ம்வேரை ஏற்றினேன். மாடிச் சுவிட்ச் புதிய பதிப்பில் எழ மறுத்து, உள்ளே இருந்த பழைய பதிப்புக்கே திரும்பி நின்றது. மறுமுறை ஏற்றியும் அப்படித்தான். அதை அப்படியே விட்டுவிட்டேன்; அதில் வைஃபையும் இல்லை, கூலிக் கணக்கும் இல்லை. நோட்டில் அதன் பெயருக்கு எதிரே "பழையது, கன்சோல் கேபிளோடு மட்டும் தொடவும்" என்று எழுதி, அலமாரிச் சாவியை அக்காவிடம் ஒன்றும் காவலாளியிடம் ஒன்றுமாகக் கொடுத்திருக்கிறேன்.